வேஷம் யாருக்குத் தெரியும்? நாடகக் கேள்வி பதில்

(மாறுவேடம், பொய்த்தோற்றம் பற்றிய கேள்விகளுக்கு மதுரையின் மூத்த நாடக ரசிகர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

மேலூர் வாசகர்: அண்ணே, வள்ளி திருமணத்தில் வேடனாக வருவது முருகன் என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம் என்ன சுவாரசியம்?

தெரிந்திருப்பதுதான் சுவாரசியம், தம்பி. வேடன் பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் நமக்கு ஒரு பொருள், வள்ளிக்கு ஒரு பொருள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் (நாயகன் வேடக்காரர்) ஸ்திரீபார்ட்டும் (நாயகி வேடக்காரர்) வேறு வேறு ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் மேடை ஏறுகிறவர்கள். முடிவு தெரியும், அவள் எப்படி மடக்குவாள், அவன் எப்படி நழுவுவான் என்பது தெரியாது. அந்தத் தர்க்கத்துக்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். முருகன் அடுத்துப் போடும் கிழவன் வேடத்தை இப்போது சிலர் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

திருமங்கலம் ஆசிரியை: ஐயா, சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கெடுத்தது சிலம்புகள் ஒன்றுபோல் இருந்ததுதானே?

அதற்கு முன்பே ஏமாந்துவிட்டான், அம்மா. சட்டை அணிந்து, நூறு கொல்லர் பின்தொடர வருகிற பொற்கொல்லனின் தோரணையைப் பார்த்ததுமே பெரிய ஆள் என்று நம்பிவிடுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான். கோவலனின் சிலம்பைக் கண்டதும் அவன் மனதில் ஓடுவதை இளங்கோ நமக்குச் சொல்லிவிடுகிறார். கோவலனோ, அவன் காட்டிய குடிலில் நம்பிக்கையோடு காத்திருக்கிறான். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது முத்தல்ல, மாணிக்கம் என்று கண்ணகி காட்டும்போது எல்லாம் கைமீறிவிட்டது.

உசிலம்பட்டி மாணவர்: ஷேக்ஸ்பியரிடமும் இப்படி உண்டா?

உண்டு. ஒத்தெல்லோவில் யாகோ தன் சுயரூபத்தை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறான். மேடையில் மற்றவர்கள் அவனை நேர்மையானவன் என்கிறார்கள். வெனிஸ் வணிகனிலும், மூன்று பேழைகளில் போர்ஷியாவின் படம் இருப்பதைத் தேர்ந்தெடுப்பவனுக்கே அவள் மனைவி. பொன், வெள்ளிப் பேழைகள் முன்பே திறந்தாகிவிட்டதால், பசானியோ தேர்ந்தெடுக்க வரும்போது படம் ஈயப் பேழையில்தான் என்று நமக்குத் தெரியும்.

மதுரை வாசகி: ஆண்கள் பெண் வேடம் போட்ட காலம்?

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய, சிறுவர்களே நடிக்கும் பால சபையில் பெண் வேடமும் சிறுவர்களுக்குத்தான். அங்கே வளர்ந்த டி.கே. சண்முகம் பின்னாளில் அவ்வையார் வேடத்தால் அவ்வை சண்முகமே ஆகிவிட்டார்.

அதே வாசகி: படிக்க ஒரு நாடகம் சொல்லுங்கள்.

சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம், 1891. விசுவாசி போல நடிக்கும் அமைச்சர் குடிலனை நம்பி, ஜீவக பாண்டியன் மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்கே போய்விடுகிறான். குடிலன் தனியாகப் பேசும் இடங்களை வாய்விட்டுப் படியுங்கள்.