கேளுங்கள்: பனியில் ஐந்து கறுப்பு வட்டங்கள்

(கடலூரில் என்.சி.சி. மாணவர்களுக்கு ரைபிள் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: பிரான்சில் இருக்கும் என் அண்ணன் டிசம்பர் வந்தால் பயத்லான் வீடியோவாக அனுப்புகிறார். சீசனின் முதல் சுற்றில் எல்லாரையும் விட வேகமாகச் சறுக்கியவர் பின்னால் போய்விட்டார். இது நியாயமா?
முத்தியால்பேட்டை வாசகி

பதில்: நியாயம்தான் அம்மா. பயத்லான் என்றால் பனிச்சறுக்கும் ரைபிள் சுடுதலும் சேர்ந்த போட்டி. நீங்கள் பார்த்தது 'இன்டிவிஜுவல்' போட்டியாக இருக்கும். ஆண்களுக்கு 20 கி.மீ., பெண்களுக்கு 15 கி.மீ. முதுகில் குறைந்தது மூன்றரை கிலோ ரைபிள். நடுவில் நான்கு முறை நிறுத்தி, முறைக்கு ஐந்து குண்டு சுட வேண்டும். ஒன்று தவறினால் மொத்த நேரத்தில் ஒரு நிமிடம் ஏறிவிடும். ஸ்பிரின்ட், பர்சூட் என்ற மற்ற வகைப் போட்டிகளில் தண்டனை வேறு: தவறிய குண்டு ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் கூடுதல் சுற்று.

1960-இல் அமெரிக்காவின் ஸ்க்வா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பயத்லான் முதன்முதலாக நுழைந்தபோது தவறுக்கு 2 நிமிடம் போட்டார்கள். பிரான்ஸின் விக்டர் அர்பே அன்று எல்லாரையும் விட வேகமாகச் சறுக்கினார். ஆனால் 20-இல் 18 குண்டு தவறியது. சறுக்கலில் 15-ஆவதாக இருந்த ஸ்வீடன்காரர் கிளாஸ் லெஸ்டாண்டர் 20-க்கு 20 அடித்துத் தங்கம் வாங்கினார். அண்ணனிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

கேள்வி: சார், நான் என்.சி.சி. கேடட். ரேஞ்சில் சும்மா படுத்துச் சுடும்போதே எனக்குக் கை ஆடுகிறது. ஓடி வந்து எப்படிச் சுடுகிறார்கள்?
நெல்லிக்குப்பம் மாணவர்

பதில்: தம்பி, அவர்கள் கையில் இருப்பதும் நம் ரேஞ்சில் பிடிக்கிற அதே பாயின்ட் 22 அளவுக் குண்டுதான். தூரம் 50 மீட்டர். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. பட்டால் கறுப்பு வட்டம் வெள்ளையாகிவிடும்.

ரேஞ்சுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் கொஞ்சம் இறக்கி மூச்சைச் சீராக்குவார்கள். இதயம் முழுதாக அடங்காது, அதற்கு நேரமும் கிடையாது. படுத்ததும் ஸ்லிங்கை, அதாவது ரைபிளின் பட்டையை, கையில் மாட்டுவார்கள்; நாடித்துடிப்பு அந்தப் பட்டை வழியாக ஏறி, குறிபார்க்கும் முன் சைட்டை ஆட்டும். மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்கு முன் வரும் அந்தச் சின்ன இடைவெளியில் டிரிகர். பிறகு அடுத்த குண்டை ஏற்றும் போல்ட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நேராகத் தள்ளி இழுத்து, மறுபடி ஒரு மூச்சு. கன்னம் ஸ்டாக்கை (ரைபிளின் பின்கட்டையை) விட்டு எழாது. ஐந்தும் முடிய அரை நிமிடம் போதும்.

நிற்கும்போதுதான் கஷ்டம். கால் நடுங்கும், காற்றும் தள்ளும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் டிசம்பர் காற்று எப்படித் திசை மாறுகிறது என்று நீ பார்த்திருப்பாய். பயத்லான் ரேஞ்சில் அதற்காகவே சின்னக் கொடிகள் நிற்கும். கொடி மாறினால் சைட்டைத் திருகி ஒரு கிளிக், இரண்டு கிளிக் என்று மாற்ற வேண்டும், அல்லது காற்று ஓயக் காத்திருக்க வேண்டும். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதே இந்தக் காத்திருப்புக்காகத்தான். அவசரத்தில் தவறவிடுவதைவிட மூன்று விநாடி இழப்பது லாபம். உனக்கும் அதுதான் மருந்து: டிரிகரை வெடுக்கென இழுக்காதே, அப்புறம் குரூப்பிங் (குண்டுகள் ஒரே இடத்தில் விழுவது) தானாகச் சேரும்.

கேள்வி: இங்கிருந்து எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?
வில்லியனூர் வாசகர்

பதில்: முதல் சுற்று ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்டில் நடந்தால் அவர்கள் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், பின்லாந்தின் கொன்டியோலாட்டி என்றால் மூன்றரை. அங்கே மாலை நாலே கால் போட்டி, நமக்கு இரவு எட்டே முக்கால் அல்லது ஏழே முக்கால். அங்கே டிசம்பரில் மூன்று மணிக்குள் சூரியன் போய்விடும், விளக்கில்தான் ஓடுவார்கள்.

கேள்வி: மார்ச் வரை சீசன் இருக்கும்போது முதல் சுற்றுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்?
திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பதில்: முதல் வெற்றிக்கும் கடைசி வெற்றிக்கும் ஒரே மதிப்பு: 90 புள்ளி. இரண்டாமிடம் 75, மூன்றாமிடம் 65. 2025 மார்ச்சில் ஆஸ்லோவில் கடைசிப் போட்டிக்கு வந்தபோது ஜெர்மனியின் பிரான்சிஸ்கா ப்ராய்ஸுக்கும் பிரான்ஸின் லூ ஜான்மொனோவுக்கும் இடையே இருந்தது வெறும் 5 புள்ளி. கடைசி வளைவில் ஜான்மொனோ விழுந்தார், ப்ராய்ஸ் ஜெயித்தார், சீசன் பட்டமும் 20 புள்ளியில் அவருக்கே. டிசம்பரில் தவறிய ஒரு குண்டு மார்ச்சில் வந்து கணக்கு கேட்கும். அதனால் முதல் வாரத்திலிருந்தே பாருங்கள், முக்கியமாக நின்று சுடும் ஐந்தாவது குண்டை.