நடிப்பா, பாட்டா? பிரான்சில் வளரும் மகளைப் பற்றி ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, உங்கள் மகளுக்கு 15 வயது, பாரிஸ் புறநகரில் லிசே (மேல்நிலைப் பள்ளி) படிக்கிறாள். நடிப்பு, பாட்டு இரண்டில் ஒன்றை விடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடச் சொல்லாதீர்கள். பிரான்சில் ஒன்று மற்றதற்கு வழி திறக்கும். வனெசா பரடி 1987இல் 14 வயதுப் பாடகியாகப் புகழ்பெற்று, 1990இல் வளரும் நடிகைக்கான செசார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருது வாங்கினார். லுவான் 2013இல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு வந்தவர். 2015இல் அதே விருது. ஆனால் போட்டிக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருப்பது திட்டம் ஆகாது.

முதலில் உங்கள் ஊர் கொன்செர்வத்துவாரில் (இசை, நாடகம் கற்பிக்கும் பொதுப் பள்ளி) நாடகம், குரல் இரண்டிலும் சேருங்கள். பல ஊர்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்ததுதான். பின்னால் பாரிஸ் தேசிய நாடகக் கொன்செர்வத்துவாருக்குப் போக நினைத்தால், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பிப்பதில் ஆண்டுக்குச் சுமார் 30 பேரையே எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட தேர்வுகளில் பலர் சறுக்குவது செய்யுள் நாடகத்தில். அலெக்ஸாந்திரன் என்ற பிரெஞ்சு யாப்பில் அடிக்கு 12 அசை, ஆறாவதில் ஒரு நிறுத்தம். சொல் முடிவில் வரும் ஊமை 'எ' (e எழுத்து) பேச்சில் விழுந்துவிடும். செய்யுளில் அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் அதை ஒலித்தே ஆகவேண்டும். விழுங்கினால் அடி 11 அசையாகும். வெண்பாவில் தளை தட்டியது போல உடனே காதில் உறுத்தும். பிரெஞ்சுப் பாட்டுகளில் இந்த எழுத்துக்குப் பல இடங்களில் தனி ஸ்வரமே உண்டு. பாடிப் பழகியவளுக்கு இது கைவந்துவிடும்.

அடுத்து வருமானம். 12 மாதத்தில் 507 மணி வேலை காட்டினால்தான் கலைஞர்களுக்கான வேலையிழப்பு உதவித்தொகை. ஒரு காஷே, அதாவது ஒரு நிகழ்ச்சிக்கான சம்பளம், 12 மணியாகக் கணக்கு. ஆக 43 காஷே வேண்டும். படப்பிடிப்பு நாளும் கச்சேரியும் ஒரே கணக்கில் சேரும். நடிப்பை மட்டும் நம்பி 43 தேற்றுவது புதியவருக்கு மிகக் கடினம். பாட்டை விட வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கலியாண வீட்டிலும் கோயில் விழாவிலும் பாடிவிட்டுக் கையில் காசு வாங்கினால் அந்த மணி கணக்கில் ஏறாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் சிக்கலாகும். அழைத்தவர் தனிநபராக இருந்தாலும் எப்போதாவது கலைஞரை அமர்த்துவோருக்கான அரசுச் சேவையான 'குசோ' வழியாகப் பதிந்து சம்பளச் சீட்டு தரலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பாட்டை அவளே எழுதினால், மெட்டமைத்தால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கமான சாசெம் வழியாக உரிமைத்தொகை வரும். பாடுவதற்கு மட்டும் சாசெம் தராது. அதற்கு அதாமி, ஸ்பெதிதாம் என்று வேறு அமைப்புகள்.

16 நிறையும் வரை படத்தில் நடிக்க அரசின் முன்அனுமதி வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியவர் தயாரிப்பாளர். சம்பளத்தில் உங்கள் கைக்கு எவ்வளவு என்பதும் அந்த அனுமதியோடுதான் முடிவாகும். மீதி 18 வயது வரை கேஸ் தே தெப்போ என்ற அரசு நிதி நிறுவனத்தில் இருக்கும். முகவரின் பங்கு பொதுவாக 10 சதவீதம், அதுவும் வேலை கிடைத்த பிறகு. பதிவுக்கு என்று முன்பணம் கேட்பவரிடம் கையெழுத்திடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.