வாசகர் கேள்வி: தேனீக்கு அஞ்சும் யானை

கேள்வி: ஆப்பிரிக்க வனவிலங்குகளைக் காக்க இங்கிருந்தே நாம் ஏதேனும் செய்ய இயலுமா?
– கல்லூரி மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: இயலும். தான்சானியாவின் செரங்கெட்டியில் தானியங்கிக் கேமராக்கள் 2010 முதல் எடுத்த படங்களில் இருப்பது வரிக்குதிரையா, சிங்கமா என்று இணையவழியே இனங்கண்டு உதவியவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற தன்னார்வலர்களே. புல்லிடையே ஒரு காதுநுனி மட்டும் தெரியும் படங்களும் அவற்றில் உண்டு. யானைத் தந்தத்தால் செய்த பொருளை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அங்கிருந்து நாம் கற்க வேண்டியதும் உண்டு. கென்ய உழவர்கள் தேனீப் பெட்டிகளைச் சுமார் 10 மீட்டருக்கு ஒன்றாகக் கம்பியில் இணைத்து வயலைச் சுற்றித் தொங்கவிடுகிறார்கள். யானை கம்பியில் இடித்ததும் பெட்டிகள் ஆட, தேனீக்கள் சீறி வெளிவர, அது தலையை உதறியபடி பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. தேனும் வருமானமாகிறது. பண்ருட்டியில் நாம் அச்சமின்றிப் பலா பறிக்கிறோம். நீலகிரியின் கூடலூரிலோ அதே பழத்தின் வாசனைக்கு யானைகள் ஊருக்குள் வருவதால், அங்குள்ள உழவர்களும் இம்முறையைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென மனமார விரும்புகிறேன்.