குடும்பத் தொடர்களில் நம்பும்படி எழுதப்பட்ட உறவு எது? ஓரகத்திகள்!

கேள்வி: தமிழ்க் குடும்பத் தொடர்களில் எந்த உறவு நிஜம்போல இருக்கிறது? நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதாபாத்திரங்கள் பாதியில் ஏன் கெட்டுப்போகின்றன?

மாமியார் மருமகள் என்றுதான் பலர் சொல்வார்கள். என் பதில், ஓரகத்திகள், அதாவது அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த பெண்கள். மாமியார் மருமகள் சண்டையில் இரண்டே கட்சி. யார் ஜெயித்தாலும் இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஓரகத்திகளுக்குள் புருஷனின் சம்பாத்தியம், பிறந்த வீட்டு வசதி, பிள்ளைகள், யார் முதலில் வந்தவள் என்று ஐந்தாறு கணக்கு ஒரே அடுப்படியில் ஓடும். இன்றைக்குக் கூட்டாளி, நாளைக்குப் போட்டி. எழுதத் தெரிந்தவர் கையில் கிடைத்தால் வருஷக்கணக்கில் கதை வறளாது.

சன் டிவியில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை ஓடிய எதிர்நீச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் திருச்செல்வம். ஆதி குணசேகரன் வீட்டில் மருமகள்கள் படித்திருக்க வேண்டும், ஆனால் வேலைக்குப் போகக் கூடாது. அடக்குமுறை ஒன்றுதான், அதை நாலு பேரும் நாலு விதமாகத் தாங்குகிறார்கள். மூத்தவள், குணசேகரனின் மனைவி ஈஸ்வரி உள்ளுக்குள்ளேயே விழுங்குகிறாள். தம்பி ஞானத்தின் மனைவி ரேணுகா பொரிந்து தள்ளுகிறாள். அடுத்த தம்பி கதிரின் மனைவி நந்தினி கேலி பேசிக் கடக்கிறாள். கடைசியாக வந்த ஜனனி நேருக்கு நேர் கேட்கிறாள். எந்த வசனத்தையும் பெயரை மறைத்துவிட்டுப் படித்தாலும் பேசுவது யார் என்று சொல்லிவிடலாம். ஒரு தொடரில் இது அமைவது சுலபமில்லை.

அந்த அடுப்படிக் காட்சிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஹாலில் குணசேகரன் உட்கார்ந்திருப்பார். "இந்தாம்மா ஏய்" என்று ஒரு குரல் வரும். உள்ளே நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நிற்கும். நாலு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். யார் போவது என்பது வாய் திறக்காமலே முடிவாகும். அதட்டல் ஹாலில், அதன் கனம் அடுப்படியில். வில்லனை க்ளோசப்பில் காட்டி இடி முழக்கம் போட்டால் ஐந்து நிமிஷத்தில் அலுத்துப்போகும். அவர் குரலைக் கேட்கிறவர்களைக் காட்டினால் அலுக்காது. நந்தினியாக நடித்த ஹரிப்ரியாவின் கேலிகள் சும்மா சிரிப்புக்கு வைத்தவை இல்லை. அந்த வீட்டில் மூச்சு விட இருந்த ஒரே ஜன்னல் அவை. அவள் கேலி பேசாமல் நிற்கும் நாளில்தான் பார்க்கிற நமக்குப் பயம் வரும்.

2002 முதல் 2005 வரை 811 பகுதிகள் ஓடிய மெட்டி ஒலியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். சிதம்பரத்தின் ஐந்து மகள்கள், ஆளுக்கொரு புகுந்த வீடு. சரோஜா வீட்டுச் சண்டை நீண்டுபோனால் அடுத்த மகள் வீட்டுக்குக் கதையை நகர்த்திவிடலாம். எதிர்நீச்சலில் எல்லோரும் ஒரே கூரைக்குள். வீட்டை மாற்ற வழியில்லை, மனசைத்தான் மாற்றிக் காட்ட வேண்டும். அதனால்தான் அந்த நாலு பேரின் உறவு அவ்வளவு நுணுக்கமாக வந்தது.

விஜய் டிவியில் 2018-இல் தொடங்கிய பாண்டியன் ஸ்டோர்ஸ் முதல் பாகத்திலும் ஓரகத்திகள்தான் பலம். ஜீவாவுக்குப் பேசிவைத்த முல்லை அவன் தம்பி கதிருக்கு வாழ்க்கைப்படுகிறாள், ஜீவா விரும்பிய மீனா அதே வீட்டுக்கு வருகிறாள். இதற்கு மேல் என்ன முடிச்சு வேண்டும்? வசதியான வீட்டில் வளர்ந்த மீனா கடைக்காரக் குடும்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டதுதான் என் கண்ணுக்கு அந்தத் தொடரின் நல்ல பகுதி. வீட்டின் மூத்த மருமகள் தனம் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. கொழுந்தன்களைப் பிள்ளைகள்போல வளர்த்தவள், சரி. ஆனால் அவளிடம் ஒரு தப்பும் இல்லாதபடி எழுதிவிட்டார்கள். தப்பே செய்யாத மனுஷியைக் கும்பிடலாம், அவளோடு சண்டை போட்டுச் சமாதானமாக முடியாது. மீனாவும் முல்லையும் மனசில் நின்ற அளவுக்குத் தனம் நிற்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஒரு காரணம் யார் கையிலும் இல்லாதது. 2020 டிசம்பரில் முல்லையாக நடித்த சித்ரா இறந்தார். 2023 செப்டம்பர் 8 அன்று குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்தார். பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாரிமுத்து சாதாரணமாகப் பேசிக்கொண்டே அவமானப்படுத்துவார். கேட்கிற பெண்கள் சிரிப்பையும் பயத்தையும் சேர்த்து அடக்கிக்கொண்டு நிற்பார்கள். வேல ராமமூர்த்தி முறைத்தாலே மிரட்டல்தான். எதிரே நிற்பவர்களிடம் பயம் மட்டும் மிஞ்சியது, சிரிப்பு போய்விட்டது. ஒரு நடிகர் மாறினால் அவரோடு பேசும் எல்லாக் கதாபாத்திரங்களும் கொஞ்சம் மாறிவிடுகின்றன. வசனத்தைப் புதியவரின் பேச்சுக்கு ஏற்பத் திருப்பி எழுதியே ஆக வேண்டும்.

இன்னொன்று, எழுதுகிறவர்கள் கையில் இருப்பது. ரகசியம் உடைந்த பிறகு அடுத்து எதை வைத்து ஓட்டுவது என்று தெரியாமல் போவது. வங்காளத்து ஸ்ரீமொயி தொடரைத் தழுவி 2020-இல் வந்த பாக்கியலட்சுமியில், கோபி ராதிகாவோடு பழகுவது பாக்கியாவுக்குத் தெரியாது. கோபிதான் தன் தோழி பாக்கியாவின் கணவன் என்பது ராதிகாவுக்கும் தெரியாது. அதுவரை இரண்டு பெண்கள் மேலும் நமக்கு மரியாதை இருந்தது. முக்கியமாக ராதிகா மேல். மகள் மயூவைத் தனியாக வளர்க்கிறவள், யாரையும் ஏமாற்றாதவள். உண்மை தெரிந்து, விவாகரத்தாகி, கோபியை அவள் கட்டிக்கொண்ட பிறகு சண்டைக்கு ஆள் தேவைப்பட்டது. அவளையே பாக்கியாவோடு மல்லுக்கு நிற்க வைத்தார்கள். கோபியைக் கோமாளியாக்கினார்கள். பாக்கியா சமையலை வைத்துத் தொழிலில் நிமிர்ந்தது நல்ல திருப்பம்தான். ராதிகாவுக்குச் செய்தது அநியாயம். அவ்வளவு நிதானமான ஒரு பெண் திடீரென்று சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தால், மாறியது அவள் மனசு இல்லை, ப்ரோமோவின் தேவை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு உறவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, சண்டை நடக்கும் பகுதியை விட்டுவிட்டு அடுத்த நாள் பகுதியைப் பாருங்கள். நேற்று கத்தியவள் இன்று எப்படிப் பரிமாறுகிறாள், சாப்பிடுகிறவர் யார் முகத்தைப் பார்க்கிறார் என்பதில் நேற்றைய சண்டையின் மிச்சம் தெரிய வேண்டும். மிச்சமே இல்லையென்றால் அது ப்ரோமோவுக்காகப் போட்ட சண்டை. எதிர்நீச்சலைப் புதிதாகப் பார்ப்பதாக இருந்தால் 2023 செப்டம்பருக்கு முந்தைய பகுதிகளிலிருந்து ஒரு அடுப்படிக் காட்சியை எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனம் ஒன்றுகூடக் காதில் விழாமலே, அன்றைக்கு ஹாலில் அடி வாங்கிக்கொண்டு வந்தவள் யார், அவளிடம் முதலில் போகப் போகிறவள் யார் என்று தெரிந்துவிடும்.