குண்டாகிப்போன இளவரசன்

அன்புள்ள அண்ணா,

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ வீடியோ கேம் ஆடி வளர்ந்தவன் நான். இப்போது லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் என்ற, பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டு ஆடினால் ஏதோ ஒட்டவில்லை. எமுலேட்டர் என்பதே போலிதானே? ரிச்சி தெருவில் ஒருவர் பழைய 486 கம்ப்யூட்டரையும் குண்டு மானிட்டரையும் சேர்த்து 18,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? பதினொரு வயது மகனுக்கு ஆடிக் காட்டினேன். “கீயை அழுத்தினா லேட்டா குதிக்கிறான்பா” என்று எழுந்து போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. இப்படி ஆட்டத்தை இணையத்தில் இறக்கி ஆடுவது தவறோ என்றும் உறுத்துகிறது. என் திரையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

இறக்குவது சரியா தவறா என்பதை நீங்களும் உங்கள் உறுத்தலும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மகனுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் படம்.

உங்கள் இளவரசன் குண்டாக இருக்கிறான். போன வாரம்தான் என் தங்கை மகன் அனுப்பிய வீடியோவிலும் இதே குண்டனைப் பார்த்துவிட்டு, யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தேன். நீங்களாக வந்து மாட்டினீர்கள்.

அந்த ஆட்டத்தின் டாஸ் வடிவம், அதாவது நாம் சென்டர் கம்ப்யூட்டரில் ஆடியது, அகலத்தில் 320 புள்ளி, உயரத்தில் 200 புள்ளி. அன்றைய மானிட்டரோ 4:3, அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. அந்தக் கண்ணாடியை முழுக்க நிரப்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக நின்றாக வேண்டும். நின்றது. இன்றைய திரையில் புள்ளி சதுரம். 320க்கு 200ஐ அப்படியே போட்டால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும். ஆறடி ஆள் ஐந்தடி ஆகிவிடுவான். நீங்கள் அதோடு விட்டீர்களா? 16:9 லேப்டாப் திரையின் ஓரம்வரை இழுத்துவிட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் அவன் நாலரை அடி. முப்பது வருஷமாக மனசில் வைத்திருந்த ஒருவனை நாலரை அடியாக்கி உட்கார வைத்துவிட்டு, ஏதோ ஒட்டவில்லை என்று எனக்குக் கடிதம் வேறு.

ஆட்டம் இதனால் கெடாது, ஒப்புக்கொள்கிறேன். அதே 60 நிமிடம், அதே முள், அதே விழும் பலகை. ஆனால் அது கற்பனையில் வரைந்த உடம்பு இல்லை ஐயா. ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஓடவும் தாவவும் தொங்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அதை டிவியில் ஓடவிட்டு, ஒவ்வொரு அசைவிலும் நிறுத்தி, திரையைக் கேமராவில் படம்பிடித்து, பிரிண்ட் போட்டு, உருவத்தின் விளிம்பைக் கையால் தீட்டி, அப்புறம்தான் ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். 1989இல் ஆட்டம் வந்தது. டாஸுக்கு அடுத்த வருஷம். ஓடிவந்து நிற்கும்போது இரண்டு எட்டு சறுக்கி நிற்கிறானே, அது ஒரு பையனின் கால். அவனைத்தான் நசுக்கி வைத்திருக்கிறீர்கள்.

இந்தப் பைத்தியம் எனக்கு எங்கள் ஊர் சென்டரில் பிடித்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டிய அறை. அங்கே ஓர் அண்ணன், சொற்ப சம்பளம். மானிட்டரில் ஒன்று பழசு. வெயில் காலத்தில் படம் மேலும் கீழும் சுருங்கிவிடும். அவர் ஜி.டபிள்யூ. பேசிக் என்ற புரோகிராம் மொழியைத் திறந்து, வட்டம் போடச் சொல்லி ‘சர்க்கிள்’ என்று ஒரு வரி அடிப்பார். அந்த பேசிக் 4:3 கண்ணாடியை நம்பித்தான் வட்டம் போடும். உயரத்தை ஆறில் ஐந்தாகத் தானே குறைத்துக்கொள்ளும். கண்ணாடி சரியாக இருந்தால் வட்டம், இல்லாவிட்டால் முட்டை. தன் டிபன் பாக்ஸின் எவர்சில்வர் மூடியைத் திரையில் அழுத்திப் பிடிப்பார். முழங்கை ரோமம் அத்தனையும் கண்ணாடியைப் பார்த்து எழுந்து நிற்கும். இன்னொரு கையை மானிட்டருக்கு அடியில் விட்டுத் திருகுவார். மூடியைச் சுற்றிலும் ஒரே அளவில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்வரை விடமாட்டார். என் மணிக்கணக்குக் காசு ஓடிக்கொண்டிருக்கும். “யாருண்ணே இதையெல்லாம் பாக்கப் போறா?” என்றேன் ஒருநாள். பதில் சொல்லவில்லை. மூடியை லேசாகத் திருப்பி, மறுபடி பார்த்தார்.

எமுலேட்டர் போலி என்ற பேச்சை என்னிடம் வேண்டாம். பழைய கருவி இல்லாமல் ஆகவே ஆகாத இடம் உண்டு. டிவி கேமில் வாத்து சுட்ட துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் இருப்பது அந்த வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும் கண். இன்றைய டிவி அந்தக் கணத்துக்குப் பிந்தித்தான் படம் காட்டுகிறது. ஒரு வாத்தும் சாகாது. அதற்குக் குண்டு டிவி தேடுங்கள், நியாயம். உங்கள் இளவரசனுக்கு என்ன கேடு? டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்று ஒரு வரி, எதிரே ‘ஃபால்ஸ்’ என்று இருக்கும். ‘ட்ரூ’ என்று மாற்றுங்கள். 18,000 ரூபாய் மிச்சம்.

மகனைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் கோபம் வந்தது. லேட்டாகத்தான் குதிக்கிறான். காலை மடக்கி எம்பும் அசைவெல்லாம் முடியாமல் உடம்பு தரையை விடாது. அதனால்தான் ஓரத்துக்கு ஒரு எட்டு முன்பே கீயை அழுத்துவோம். நாம் எத்தனை நாள் முள்ளில் விழுந்து இதைக் கற்றோம்? பிள்ளை ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். அவனைப் போய்ப் பொறுமை இல்லாதவன் என்கிறீர்கள். இன்று ராத்திரி கூப்பிட்டு உட்கார வைத்து, நீ சொன்னது சரிடா என்று சொல்லுங்கள். அந்தத் தம்பியின் கதையையும் சொல்லுங்கள்.

486 வாங்கலாமா என்றல்லவா கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஆசை விடவில்லை என்றால் போய், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போர்டில் பீப்பாய் மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அதைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால் 1,800 ரூபாய்க்குக்கூட வேண்டாம்.