பொழுதுபோக்குக் குழுவில் சச்சரவுகள் வரும்போது மட்டுறுத்துநர் (குழுவை ஒழுங்குபடுத்தும் அட்மின்) எந்த அளவுக்குத் தலையிட வேண்டும்?

உங்கள் குழுவில் ஒரே ஆர்வம் கொண்டவர்கள்தாம் இருக்கிறார்கள் என்றும், ஆனாலும் அடிக்கடி சண்டை மூள்கிறது என்றும், கண்டிப்புக் காட்டினால் ஆட்கள் விலகுகிறார்கள், விட்டுப்பிடித்தால் குழு கெடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வசிக்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடும் வாட்ஸ்அப் குழு ஒன்றை மட்டுறுத்துபவர்களில் நானும் ஒருவன். மரியாதையாகப் பேசுங்கள், தலைப்பை விட்டு விலகாதீர்கள் என்ற பொதுவான விதிகள் எல்லாக் குழுக்களிலும் இருக்கின்றன. அவற்றை மட்டும் நம்பி எந்தக் குழுவும் நிலைத்ததாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஈடுபட்டிருக்கும் பொழுதுபோக்கில் எந்த இடத்தைத் தொட்டால் மனிதர்களுக்கு வலிக்கும் என்பதைக் கண்டறிந்து, அந்த இடத்துக்கென்றே விதி எழுத வேண்டும். மற்றவற்றில் எவ்வளவு குறைவாகத் தலையிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

எங்கள் விஷயத்தில் வலிக்கும் இடம் எது என்று சொன்னால் இது விளங்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்னும் கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளங்கள் எல்லாம் பதிவேட்டில் எழுதப்பட்டன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினிவழியாகப் பார்க்கும் வகையில் ஆக்கியிருப்பதால், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வீட்டில் உட்கார்ந்தபடியே எவரும் தேடலாம். தன் பூட்டனைத் தேடுபவர் அடுத்த வீட்டுக்காரரின் பூட்டனையும் பார்த்துவிடுகிறார். எங்கள் குழுவில் எழுந்த பெரிய சண்டைகள் ஏறக்குறைய எல்லாமே இதிலிருந்து பிறந்தவை.

ஆகவே எங்கள் முதல் விதி, பிறர் குடும்பத்தைப் பற்றி நீங்கள் கண்டெடுத்ததை அந்தக் குடும்பத்தாருக்குத் தனியாகச் சொல்லுங்கள் என்பதாகும். குழுவில் போடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். துணையின்றிக் கைக்குழந்தையோடு கப்பலேறிய பெண்கள் அந்தப் பட்டியல்களில் இருக்கிறார்கள்; தகப்பன் பெயர் எழுதப்படாத குழந்தைகள் இருக்கிறார்கள்; வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த கதைக்கு நேர்மாறான குறிப்புகளும் இருக்கின்றன. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டனவே, இதில் என்ன மறைப்பு என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கப்பலேறிய ஒரு பெண்ணின் பேத்திக்கு இப்போது எண்பது வயதாகி, அவர் அதே குழுவில் இருக்கிறார் என்பதே அவர்களுக்கு என் பதில்.

இதே காரணத்தால்தான் பெரியவர்களைத் திருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். எங்கள் முன்னோர் முதல் கப்பலான ட்ரூரோவில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தக் கப்பலில் வந்தவர்களோ 342 பேர்தாம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் ஓர் அம்மையார் தம் பூட்டனார் அதில் வந்தவர் என்று பெருமையோடு எழுதினார். அவர் போட்டிருந்த பழைய தாளின் படத்திலேயே எண் தெளிவாகத் தெரிந்தது. அது பல ஆண்டுகள் கழித்து வந்த கப்பலுக்குரிய எண் என்பது பட்டியலைப் பார்த்த எவருக்கும் புரியும். இளைஞர் ஒருவர் உடனே பதில் தட்டத் தொடங்கியிருந்தார். அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, எங்களில் ஒருவர் அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தார். "ஆன்ட்டி, உங்களிடம் இருக்கும் தாளில் உள்ள எண்ணை உங்கள் பேத்தியை விட்டுப் பட்டியலில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன்" என்று மட்டும் கேட்டார். இங்கே வயதில் மூத்த எவரையும் ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் அழைப்போம். பெயர் சொல்லித் திருத்துவது அவமதிப்பாகவே கருதப்படும். மறுநாள் அந்த அம்மையாரே சரியான கப்பலின் பெயரையும் வந்த ஆண்டையும் எழுதி, பேத்தி கண்டுபிடித்துத் தந்ததாகச் சேர்த்திருந்தார். பதிவும் சரியாயிற்று, அவருடைய மதிப்பும் குறையவில்லை. இதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமானதாக இருந்தது என்பதை ஒவ்வொரு புதிய மட்டுறுத்துநருக்கும் சொல்லி வருகிறோம்.

அடுத்த விதி, எதை எழுதினாலும் அது ஆவணத்தில் கண்டதா, வீட்டில் கேட்டதா, தாமே ஊகித்ததா என்று தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பது. சிறிய விதிதான் என்றாலும் இது தவிர்த்திருக்கும் சண்டைகள் பல. மூன்சாமி, முனுசாமி, முனிசாமி என்று எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்த பெயர்கள் ஒரே கப்பலில் பல இருக்கும். அவற்றுள் ஒன்றை எடுத்து இவர்தான் எங்கள் தாத்தா என்று இரண்டு குடும்பங்கள் உரிமை கொண்டாடினால், தகப்பன் பெயர், வயது, கிராமம், இடது முழங்காலில் தழும்பு என்பது போன்ற அடையாளக் குறிப்பு ஆகியவற்றைப் அருகருகே வைத்துத்தான் பேச முடியும். ஊகம் என்று குறிப்பிட்டுப் போட்டவரிடம் யாரும் சண்டைக்கு நிற்பதில்லை, உதவ முன்வருகிறார்கள். ஊகத்தை உண்மை என்று போட்டவரிடம்தான் வாக்குவாதம் மூள்கிறது.

மொழி பற்றி வந்த தகராறு ஒன்றையும் சொல்கிறேன். ஒருவரின் முன்னோருக்கு ஜில்லா வடார்க்காடு என்றும் தாலுகா சித்தூர் என்றும் பதிவாகியிருந்தது. சித்தூர் ஆந்திராவில் இருக்கிறது, ஆகவே நீங்கள் தெலுங்கர்கள் என்று ஒருவர் எழுத, எங்கள் ஆயா காலம்தொட்டு வீட்டில் தமிழ்தான் என்று மற்றொருவர் கொதித்தெழுந்தார். இரு தரப்பிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் எந்தப் பக்கமும் சாயாமல், இரண்டு செய்திகளை மட்டும் இட்டோம். 1911 வரை சித்தூர், சென்னை மாகாணத்தின் வடார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது, அம்மாவட்டத்தின் தலைநகரே அதுதான் என்பது ஒன்று. பதிவேட்டில் தாய்மொழிக்கென்று கட்டமே இல்லை என்பது மற்றொன்று. பதிவேடு சொல்லாததைப் பதிவேட்டின் பெயரால் இருவருமே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அதன் பிறகு அவர்களுக்கே தெரிந்தது. தகவல் தவறு காரணமாக எழும் சண்டையில் மட்டுறுத்துநர் நடுவராக அமர்வதைவிட, விடுபட்டுப்போன தகவலைக் கொண்டுவந்து வைப்பதே பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு மட்டுறுத்துநருக்குப் பொருளறிவு வேண்டும். குழுவைத் தொடங்கியவர் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு அந்தப் பொறுப்பைத் தரலாகாது.

சாதி விஷயத்தில் நாங்கள் இவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. பதிவேட்டில் சாதிக்குக் கட்டம் இருக்கிறது. தம் முன்னோரின் பதிவை முழுமையாகப் போடவும், அந்தக் கட்டத்தை மறைத்துப் போடவும் அவரவருக்கு உரிமை உண்டு. ஆவணத்தைத் திருத்தக் கூடாது, மறைத்திருந்தால் மறைத்ததாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அடுத்தவரிடம் நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்பதையும், குடும்பப்பெயரை வைத்துச் சாதியைக் கணிப்பதையும் அனுமதிப்பதில்லை. பிள்ளை, நாயுடு, கவுண்டர் முதலிய பெயர்கள் இங்கே இன்று எழுதப்படும் விதத்துக்கும் பதிவேட்டில் உள்ள கட்டத்துக்கும் பல குடும்பங்களில் பொருத்தம் இருப்பதில்லை. எனவே அந்தக் கணிப்பு புண்படுத்துவதோடு தவறாகவும் முடியும். அதேபோல, ஆவணங்களில் எங்கும் காணப்படும் 'கூலி' என்ற சொல்லை மேற்கோளாக எழுதலாம். அதைக் கொண்டு எந்த மனிதரையும் குறிக்கக் கூடாது. இந்த நாட்டில் அது வசைச் சொல்லாகவே எங்கள் மக்கள் மீது வீசப்பட்டது.

உடனடியாக நீக்கும் பதிவுகளில் இன்னொரு வகை, உயிரோடிருப்பவர்களின் விவரங்களைக் கொண்டவை. தாயாரின் இறப்பு அறிவிப்புப் படிவத்தை நல்லெண்ணத்தோடு படமெடுத்துப் போடுகிறார்கள். தகவல் கொடுத்த மகனின் அடையாள எண்ணும் அதில் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் அந்த எண்ணுக்குப் 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. மோசடிக்காரர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் இங்கே முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. வீட்டளவில் நடக்கும் காரியங்களுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், ஒருவரை ஒருவர் அறியாத நூற்றுக்கணக்கானோர் கூடியிருக்கும் குழுவை வீடு என்று சொல்லித் தப்பிக்க முயல்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பதிவை நீக்கியதும் தனிச்செய்தியில் காரணத்தைச் சொல்லி, எண்ணை மறைத்துவிட்டு மறுபடி போடுமாறு கேட்டுக்கொள்கிறோம். காரணம் சொல்லாமல் நீக்குவதுதான் மனக்கசப்பை வளர்க்கிறது. நீக்கியதற்காக மட்டும் கோபித்துக்கொண்டு விலகியவர்கள் மிகக் குறைவு.

காலை வணக்கப் படங்கள், தேர்தல் செய்திகள், விளம்பரங்கள் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீக்கிவிடுங்கள், காவடித் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் ஒரு நாள் வாழ்த்துக்கு இடம் கொடுங்கள். இரவில் சண்டை முற்றினால், அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று வாட்ஸ்அப்பில் இருக்கும் அமைப்பை விடியும்வரை போட்டுவையுங்கள்.

ஒருவரையே குழுவிலிருந்து நீக்க நேரும்போது, மட்டுறுத்துநர்களில் குறைந்தது இருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். சண்டையில் தாமே ஒரு தரப்பாக இருப்பவர் அந்த முடிவில் கலந்துகொள்ளக் கூடாது. முதல் எச்சரிக்கையைத் தனியாகவும், இரண்டாவதைக் குழுவிலும் தருகிறோம். அதன் பிறகும் தொடர்ந்தால் நீக்குகிறோம், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மீண்டும் சேர விரும்பினால் எழுதலாம் என்று தெரிவிக்கிறோம். நீக்கப்பட்டவர் பகிர்ந்த குடும்பப் படங்களையும் தாள்களையும் அவர் கேட்டால் எங்கள் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றின் நல்ல படி ஒன்றை அவருக்கு அனுப்பிவிடுகிறோம். அவருக்காக மற்ற உறுப்பினர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்த விவரங்களையும் அதோடு சேர்த்தே அனுப்புகிறோம்.