கழற்றிய இசிஎம் இப்போது யார் கையில்?

கேள்வி: என்னிடம் இரண்டு லாரிகள் இருக்கின்றன. ஒன்றை நானே ஓட்டுகிறேன். 2021 மாடல், வாரன்ட்டி முடிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் ஆஃப் ஆகும், கொஞ்ச நேரம் கழித்து தானாக ஸ்டார்ட் ஆகும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டுப் பார்த்து, 'இசிஎம் போய்விட்டது' என்று சொல்லி இன்ஜின் கம்ப்யூட்டரையே மாற்றினார்கள். 19 நாள் வண்டி உள்ளேயே நின்றது. வெளியே எடுத்த 11ஆம் நாள் அதே கோளாறு. திரும்பப் போனதற்கு, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் வழியில் ஒரு எலக்ட்ரீஷியன் எர்த் கேபிளை மாற்றினார். அதோடு சரி, இன்றுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பணத்தைக் கேட்கப் போனால் மேனேஜர் ஒருமையில் பேசுகிறார். நிரந்தர லோடு கொடுத்த பார்ட்டி போய்விட்டது, இரண்டு டியூ நின்றுவிட்டது. பில் தொகை, 19 நாள் வாடகை, போன கான்ட்ராக்ட், மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழக்குப் போட வேண்டும். முன்பு ஒரு மெக்கானிக் டிஇஎஃப்பை, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் யூரியா திரவ சிஸ்டத்தை, ஆஃப் செய்து கொடுத்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் மேனேஜர் பேசிய பேச்சும் நீங்கள் காத்திருந்த கதையும்தான். வருத்தம் நியாயமானது. ஆனால் அதில் ஒரு வரியும் உங்கள் வழக்குக்கு உதவாது. நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது ஒரே கேள்வி: வண்டியிலிருந்து கழற்றிய அந்த இசிஎம் கெட்டுப்போயிருந்ததா, இல்லையா? கெட்டிருந்தால் அவர்கள் மாற்றியது சரி. கெடாமல் இருந்தால் தவறாகக் கண்டறிந்து, தேவையில்லாத பாகத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அது சேவைக் குறைபாடு.

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. பில்லை எடுத்துப் பாருங்கள். பழைய பாகத்துக்கு என்று ஏதாவது தொகை கழித்திருந்தால், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். கழிக்கவில்லை என்றால் அது இன்னும் உங்கள் பொருள்தான். எதுவாக இருந்தாலும் இன்றே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கழற்றிய இசிஎம்மை அதன் சீரியல் எண்ணோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும், பிரிக்கவோ அழிக்கவோ திருப்பி அனுப்பவோ கூடாது என்று எழுதுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38(2)(சி)-யின் கீழ் பொருளை முத்திரையிட்டு ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பொருளே இல்லை என்றால் எதை அனுப்புவது? கடிதம் போன பிறகு அவர்கள் அதைத் தொலைத்தால், சோதனை அவர்களுக்குப் பாதகமாக வந்திருக்கும் என்று அனுமானிக்கும்படி நாம் கேட்கலாம். கடிதம் போகாமல் தொலைந்திருந்தால் நஷ்டம் உங்களுக்கு.

உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள கோளாறு கோடு (code) யு0100. இன்ஜின் கம்ப்யூட்டரிடமிருந்து தகவல் வரவில்லை என்று வண்டியின் மற்ற கன்ட்ரோல் யூனிட்டுகள் பதிவு செய்யும் கோடு அது. கம்ப்யூட்டரின் உள்ளேயே கோளாறு என்றால் பி0606 போன்ற கோடு வர வேண்டும். ஒருவர் போன் எடுக்கவில்லை என்பதற்காக அவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்ட முடியாது, லைன் அறுந்திருக்கலாம். அந்தக் கோடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இசிஎம்முக்குப் போகும் கரன்ட், எர்த், ஃபியூஸ், கனெக்டர். எர்த் அரித்திருந்தாலும், சும்மா நிற்கும்போது மீட்டர் சரியாகவே காட்டும். மின்சார லோடு ஏறும்போதுதான் வோல்டேஜ் இறங்கும். அந்தச் சோதனையைச் செய்ததாக, சர்வீஸ் சென்டர் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் ஒரு வரியும் இல்லை. இது நல்ல வாதம்.

ஆனால் வாதம் வேறு, நிரூபணம் வேறு. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போவதைச் சொல்கிறேன்: 'இப்போது வண்டி நன்றாக ஓடுவது நாங்கள் போட்ட புது இசிஎம்மாலா, உங்கள் எலக்ட்ரீஷியன் போட்ட கேபிளாலா?' இதற்கு உங்களிடம் உள்ள ஒரே பதில் அந்த 11ஆம் நாள். புது இசிஎம் மாட்டிய பிறகும், கேபிள் மாற்றுவதற்கு முன்பும், அதே கோளாறு வந்தது. அதற்கு ஆதாரம் இரண்டாம் முறை போனபோது போட்ட ஜாப் கார்டு. அதன் நகல் உங்களிடம் இல்லை, 'வாய்ச்சொல்லாகப் பார்த்து அனுப்பிவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எலக்ட்ரீஷியனும் பில் தரவில்லை, பழைய கேபிள் கடையிலேயே கிடந்தது என்கிறீர்கள்.

இதே மாதிரி வழக்கு நடத்த ஒரு கட்சிக்காரர் என்னிடம் வந்தார். பிளாஸ்டிக் கவரில் ஒரு முழம் கேபிள் வைத்திருந்தார். முனையில் உள்ள லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அருகே உறை வெடித்து, உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. பார்த்தாலே தெரியும், அதுதான் குற்றவாளி என்று. எதிர்த்தரப்பு கேட்ட ஒரே கேள்வி: 'இது எந்த வண்டியின் கேபிள்?' போட்டோ இல்லை, பில்லில் வண்டி எண் இல்லை, கழற்றிய தேதி இல்லை. மனு தள்ளுபடியானது. எதிர்த்தரப்புக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்து, 'வந்து பாருங்கள், இல்லையென்றால் இன்ன தேதியில் வெளியே சரிசெய்யப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கழற்றியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். வண்டி ஓடினால் போதும் என்ற அவசரத்தில் எல்லோரும் இதைத்தான் விடுகிறார்கள். நீங்களும் விட்டுவிட்டீர்கள். இப்போது மிச்சம் எலக்ட்ரீஷியனின் பிரமாணப் பத்திரம் மட்டும்தான். என்றைக்கு, எத்தனை கிலோமீட்டரில், எந்த இடத்துக் கேபிளை, எந்த நிலையில் பார்த்தார் என்று அவர் ஞாபகத்தில் உள்ளதை, உள்ளபடி மட்டும் வாங்குங்கள்.

வாடகை, கான்ட்ராக்ட் நஷ்டத்தைப் பற்றி. தொகையைக் கூட்டிக் கேட்டால் பலம் என்று நினைக்கிறீர்கள். நேர்மாறு. வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர் நுகர்வோரே அல்ல. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணமாகச் சொன்னது: வாங்கியவர் தானே ஓட்டினால் நுகர்வோர், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வாங்கினால் நுகர்வோர் அல்ல. நீங்கள் ஓட்டும் லாரிதான் இது என்றால் தப்பித்தீர்கள். ஆனால் மனுவில் 'எங்கள் நிறுவனத்தின் கான்ட்ராக்ட் ரத்தானது, இரண்டு வண்டியின் வருமானம் பாதித்தது' என்று எழுதினால், நீங்கள் வணிகர் என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாகிவிடும். அந்த வரிகளை அடித்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன டிஇஎஃப். சம்பந்தம் இல்லை என்கிறீர்கள். அந்த மெக்கானிக் எதில் ஆஃப் செய்தார்? அதே பழைய இசிஎம்மின் சாஃப்ட்வேரில். எந்தப் பெட்டியைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி நாம் கேட்கிறோமோ அதே பெட்டி. அதைப் படித்தால் சாஃப்ட்வேரின் சரிபார்ப்பு எண் கம்பெனிப் பதிவோடு ஒத்துப்போகாது. உடனே சொல்வார்கள்: 'அங்கீகாரம் இல்லாத ஆள் கைவைத்ததால்தான் இசிஎம் கெட்டது.' அது உண்மையா என்பது அப்புறம். உங்கள் நம்பகத்தன்மை அங்கேயே போய்விடும். அதோடு 2021 மாடல் என்றால் பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டி. புகைக் கட்டுப்பாட்டை முடக்குவது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-க்கு விரோதமான மாற்றம். பிரிவு 182ஏ(4)-இன்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சேவைக் குறைபாட்டு வழக்கைத் தொடங்கி, உங்கள் மீதே ஆதாரத்தைத் தேடிக் கொடுத்தவராவீர்கள். பிரமாணப் பத்திரத்தில் இதை மறைத்து எழுதலாமா என்று கேட்காதீர்கள். அது பொய்ச் சாட்சியம், நான் எழுதமாட்டேன், வேறு யார் எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆகவே நேராகச் சொல்கிறேன்: சமரசம் பேசுங்கள். யு0100 கோடும், எர்த் பார்க்காத ஜாப் கார்டும் அவர்களுக்கும் சங்கடம்தான், அவர்களும் ஆணையத்துக்கு வர விரும்பமாட்டார்கள். இசிஎம் விலையை மட்டும் கேளுங்கள். வாடகை, கான்ட்ராக்ட், மன உளைச்சல் மூன்றையும் மறந்துவிடுங்கள். பாதி விலை கொடுக்க முன்வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குக்கான காலவரம்பு இரண்டு ஆண்டு என்பதால் அவசரப்பட வேண்டாம், ஆனால் பேச்சு வார்த்தையிலேயே காலத்தை ஓட்டவும் விடாதீர்கள்.

பணம் வாங்கும்போது ஒரு ரசீதை நீட்டுவார்கள், 'இந்த வண்டி தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் இருக்கும். அப்படியே கையெழுத்துப் போட்டால், புது இசிஎம்முக்கு உள்ள உதிரிபாக வாரன்ட்டியும் சேர்ந்து போய்விடும். பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டு அதோடு மட்டும் தீர்ந்ததாக எழுதச் சொல்லுங்கள், புது பாகத்தின் வாரன்ட்டி தொடரும் என்று ஒரு வரி சேர்த்த பிறகு கையெழுத்திடுங்கள். டிஇஎஃப் சிஸ்டத்தில் இன்னும் ஏதாவது துண்டித்துக் கிடந்தால், அதை இந்த வாரமே ஒழுங்காக இணைத்து, பில்லோடு சரிசெய்துவிடுங்கள்.